வானத்தின் ஒற்றை வரி

நுழையும்முன்
கணினித் திரையில் வானூர்தியை இயக்கிப் பழகுவதைப் ‘பறத்தல் பாவனை’ என்பர். எப்போதும் தெளிந்த வானத்திலேயே பறந்து பழகுபவர், அலையற்ற குளத்தில் மட்டும் நீந்தியவரைப் போன்றவர். இப்போது வீசிக்கொண்டிருக்கும் காற்றையே திரைக்குள் கொண்டுவர இலவச வானிலை அறிக்கைகள் உதவுகின்றன. அவற்றைப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

அறிக்கையும் முன்னறிவிப்பும்
ஒரு வானூர்தி நிலையத்தில் நிலவும் வானிலையை அரைமணிக்கோ ஒருமணிக்கோ ஒருமுறை தெரிவிக்கும் அறிக்கை ‘மெட்டார்’ எனப்படும். அடுத்துவரும் மணிநேரங்களுக்கான முன்னறிவிப்பு ‘டாஃப்’ எனப்படும். நம் நாட்டில் இவற்றை இந்திய வானிலை ஆய்வுத் துறை அளிக்கிறது. பல நாடுகளின் அறிக்கைகளையும் திரட்டி, அமெரிக்க அரசின் வானூர்தி வானிலை மையம் தன் இணையதளத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீட்டை உள்ளிட்டால் போதும். சென்னைக்குரியது வி.ஓ.எம்.எம்.; மதுரைக்குரியது வி.ஓ.எம்.டி. ‘ஃப்ளைட்கியர்’ என்னும் இலவசப் பாவனை மென்பொருள் மெட்டாரைப் பெற்று, காற்றையும் முகிலையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும்.

ஒரு வரியைப் பிரித்தறிதல்
நன்னூல் கூறும் பத்து அழகுகளுள் முதலாவது, சுருக்கமாகச் சொல்லுதல். மெட்டார் அவ்வழகினை உடையது. கோடைக்காலப் பிற்பகல் ஒன்றிற்கென அமைத்த மாதிரி வரி இது:

வி.ஓ.எம்.எம். 100930இசட் 09012கேடி 6000 எஸ்சிடி020 34/26 கியூ1003

முதலில் நிலையத்தின் குறியீடு. அடுத்தது, பத்தாம் நாள், உலகப் பொதுநேரம் 9.30. அதனுடன் ஐந்தரை மணிநேரம் கூட்டினால் இந்திய நேரம் பிற்பகல் 3 மணி. காற்று 90 பாகையிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, 12 நாட் வேகத்தில் வீசுகிறது. 6000 மீட்டர் வரை பார்வை எட்டுகிறது. வானத்தை எட்டுப் பங்காக்கினால், மூன்று அல்லது நான்கு பங்கினை 2000 அடி உயரத்தில் முகில் மறைத்துள்ளது. வெப்பநிலை 34, பனிநிலை 26 பாகை செல்சியஸ். இவ்விரண்டும் நெருங்கும்போது மூடுபனிக்கு வாய்ப்பு மிகும். இறுதியில் உள்ளது, கடல்மட்டத்திற்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், 1003 ஹெக்டோபாஸ்கல்.

காற்றும் ஓடுபாதையும்
வானூர்தி பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டே ஏறும், இறங்கும். சென்னையின் முதன்மை ஓடுபாதைக்கு ஒருமுனையில் 07, மறுமுனையில் 25 என எண்ணிட்டுள்ளனர். இவை முறையே 70, 250 பாகைத் திசைகளைக் குறிக்கும். கோடைக்காலத்தில் காலையில் மேல்காற்றாகிய ‘கோடை’ வீசினால் 25 பொருந்தும். பிற்பகலில் கடற்காற்று புகுந்து ‘கொண்டல்’ வீசும்போது 07 பொருந்தும். காலை அறிக்கையை நம்பி மாலையில் இறங்க முனைபவர், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடுபாதையின் நீளம் போதாமல் தடுமாற நேரும். ஆகவே, அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அதன் நேரமே.

270 அடிப் பிழை
உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டே உயரத்தைக் காட்டுகிறது. நிலமட்டத்தை ஒட்டி, ஒரு ஹெக்டோபாஸ்கல் வேறுபாடு ஏறத்தாழ 27 அடிக்கு இணையாகும். உண்மை அழுத்தம் 1003 ஆக இருக்க, கருவியைத் திட்ட அளவான 1013இலேயே விட்டுவிட்டால், அது ஏறத்தாழ 270 அடி கூடுதலாகக் காட்டும். விமானி 500 அடியில் இருப்பதாக எண்ணும்போது, வானூர்தி உண்மையில் 230 அடியில் இருக்கும். பகலில் கண் எச்சரிக்கலாம். போகி விடியலில் புகையும் பனியும் கலந்து பார்வையை மறைத்தால், கருவியைத் தவிர வேறு துணையில்லை.

திரையில் இப்பிழை நேர்ந்தால் மீண்டும் தொடங்கலாம். மெய்யான பயணத்தில் அதற்கு இடமில்லை. அறிக்கையை விளக்கித் தரும் வசதியும் இணையதளத்தில் உண்டு. எனினும், முதலில் மூலவரியைத் தாமே படித்து, பின்னர் விளக்கத்துடன் ஒப்பிடுவதே நற்பயிற்சி. பறக்குமுன் வானத்தைக் கேட்கும் பழக்கமே பாவனைப் பறத்தல் தரும் பெரும்பேறு.

கற்பவை கற்றபின்
மதுரையின் மெட்டாரைக் காலையிலும் மாலையிலும் பெற்று, காற்றின் திசையும் அழுத்தமும் எவ்வாறு மாறியுள்ளன என எழுதுக.