மாதக் கட்டணம் இல்லாத டிவி

முன்பு வீட்டுக் கூரை மேல் மீன் முள் போல ஓர் ஆன்டெனா நின்றது. காற்று அடித்தால் அது திரும்பிவிடும். ஒருவர் மேலே ஏறித் திருப்புவார். "இப்போ தெரியுதா?" என்று கேட்பார். "இன்னும் புள்ளி புள்ளியா வருது" என்று கீழே இருந்து பதில் வரும்.

அந்த ஆன்டெனா, ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து அலைகளைப் பெற்றது. பெரும்பாலான கோபுரங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் 2022-க்குள் நிறுத்திவிட்டது. இன்று பெரும்பாலான ஊர்களில் அந்த ஆன்டெனாவை வாங்கினால் பணம் வீண்.

இப்போது இலவச டிவிக்கு வழி என்ன? டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷன் இந்தச் சேவையை 2004-இல் தொடங்கியது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் படத்தை அனுப்புகிறது. அதைப் பெற ஒரு டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வேண்டும்.

எந்த டிஷ் வாங்கலாம்? பொதுவாக இரண்டு அடி அகலம் போதும். கனமழையில் படம் நின்று போகலாம். மழை மிகுந்த ஊருக்கு மூன்று அடி டிஷ் நல்லது. நசுங்கிய டிஷ் வேண்டாம்.

எந்தத் திசையில் வைப்பது? தமிழ்நாட்டிலும் டில்லியிலும் தென்கிழக்கு. அசாமில் ஏறக்குறைய நேர் தெற்கு. டிஷ்ஷுக்கு எதிரே மரமோ சுவரோ மறைக்கக் கூடாது. மின்கம்பி அருகில் வைக்கவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

வாங்கும்போது மட்டும்தான் செலவு. இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். ரசீது வாங்குங்கள். இதற்கு மாதக் கட்டணம் கிடையாது. யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.