காக்கைக்கால் புல்லின் பயன்

மழை பெய்த சில தினங்களுக்குள் மணற்பாங்கான புன்செய்களிலும், வரப்புகளிலும், மேய்ச்சல் தரைகளிலும் தானாகவே முளைத்துப் படரும் காக்கைக்கால் புல்லைக் குடியானவர்கள் அறியாமலிரார்கள். தண்டின் நுனியில் சில கதிர்கள் விரிந்து காக்கையின் காலைப் போலத் தோன்றுவதால் இப்பெயர் வாய்த்தது. தாவர சாஸ்திரியாகிய லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் இதற்கு எகிப்து தேசத்தின் பெயரைச் சேர்த்து வழங்கினாரெனினும், இது நம் நாட்டிற்கு அந்நியமானதன்று. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதை சிந்தி மடியும் இயல்புடையது.

இதன் தண்டும் இலையும் மிருதுவானவை. ஆகையால் பசு, எருமை, ஆடு யாவும் விரும்பி மேயும். நெல் வைக்கோலில் புரதச் சத்து நூற்றுக்கு 3, 4 பங்குக்கு மேல் பெரும்பாலும் இராது. அதனோடு இளம்புல்லைக் கலந்து கொடுப்பது கறவைக்கும் கன்றுக்கும் நலம். கதிர் வெளிவரும் தருணத்தில் அறுத்து, வெயிலில் புரட்டி உலர்த்திப் போர் போட்டால் கோடைக்கு உதவும். முற்ற விட்டால் தண்டு நாராகிச் சத்துக் குறையும். பசித்த மாடுகளைத் திடீரென்று பசும்புல்லில் விடலாகாது, கழிச்சல் காணும்.

இஃது ஒரு களையன்றோ என்று கேட்கலாம். பயிரின் நடுவே முளைத்ததைக் களைந்து மாட்டுக்கு இடுவதே முறை. வரப்பிலும் தரிசிலும் உள்ளதை விட்டுவைக்க வேண்டும். அது கணுக்கள்தோறும் வேரூன்றி மண் கரையாமல் காக்கும். காடை, கௌதாரி, சில்லை முதலிய பறவைகளுக்கு அதன் விதை ஆகாரம். முயலுக்கு அதன் தழை உணவு. சிட்டுக்குருவி புல் விதையைத் தின்றாலும், தன் குஞ்சுகளுக்குப் பூச்சி புழுக்களையே பெரிதும் ஊட்டுவதால் பயிருக்கும் அனுகூலமுண்டு.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். இப்புல்லுக்கு அடுத்த ஆண்டின் வாழ்வு விதையிலேயே இருக்கிறது. விதை சிந்துமுன் ஆண்டுதோறும் வேரோடு மேய விட்டால், மண்ணிலுள்ள விதை நாளடைவில் அற்றுப்போகும். அப்பால் வெறுந்தரையில் பார்த்தீனியம் போன்ற பயனற்ற செடிகள் குடியேறும். 1955-ஆம் ஆண்டில் பூனாவில் காணப்பட்ட அச்செடி இன்று தேசமெங்கும் பரவியிருக்கிறது. மாடு அதை விரும்பாது.

இதற்குச் செலவில்லாத பரிகாரம் ஒன்றுண்டு. கிராமத்து மேய்ச்சல் தரையை மூன்று பாகமாக வகுத்து, மழைக்காலந்தோறும் ஒரு பாகத்தை விதை உதிரும் வரை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்துவைக்கலாம். மறுவருஷம் அடுத்த பாகத்தை அடைக்கலாம். ஆட்டுக்காரர் உள்பட எல்லோரும் கூடி இசைந்தாலன்றி இவ்வேற்பாடு நிலையாது.

மேய்ச்சல் புறம்போக்கின் எல்லைகளைக் காப்பது கிராம அதிகாரிகளின் கடமை. கிராமப் பொதுநிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு சுப்ரீம் கோர்ட்டு 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி மாகாண அரசாங்கங்களுக்கெல்லாம் உத்தரவிட்டுள்ளது. தரை போனால் புல் போகும். புல் போனால் சிறு குடியானவனின் மாடு தொழுவில் நில்லாது. ஆதலால் வரும் மழைக்கு முன்பே பஞ்சாயத்தார் கூடி, இவ்வாண்டு அடைக்கவேண்டிய பாகத்தைக் குறிப்பார்களாக.