கேட்டுக்கு வெளியே நூறு கஜம்

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணப் பிரதமராக ராஜாஜி பொறுப்பேற்று அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. மதுவிலக்கை முதலில் நடத்திப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்தது தன் சொந்த ஜில்லாவை. இன்றைய நாமக்கல் மாவட்டமும் அன்று அதற்குள்தான் இருந்தது; 1997இல்தான் பிரிந்தது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமம், அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே கிராமம் கிராமமாகக் குடிக்கு எதிராகப் பேசிவந்தது. சட்டம் வருவதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டிருந்தது.

அதே நாளில் புகையிலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசத் தோன்றியிருக்காது. பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்கால் வெற்றிலை வண்டி வண்டியாகப் போகும் நாடு இது. வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்துவது மரியாதை. இடுப்புச் சுருக்குப்பையில் புகையிலை இல்லாத பாட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பீடி உழைப்பாளியின் இடைவேளை. சிகரெட் படித்தவரின் அடையாளம். கள்ளை வெறுத்த பல பெரிய மனிதர்களுக்கும் பொடி டப்பா தவறாகப் படவில்லை.

அந்தப் படித்தவரின் அடையாளம் கல்லூரிக்குள் எப்படிக் குடியிருந்தது என்பதை எழுபது, எண்பதுகளில் படித்தவர்களிடம் கேட்க வேண்டும். ஆசிரியர் அறையில் சாம்பல் கிண்ணம் மேஜைச் சாமான்களில் ஒன்று. பேராசிரியர் வராந்தாவில் கடைசி இழுப்பை இழுத்துவிட்டு, துண்டைக் காலில் நசுக்கிவிட்டு வகுப்புக்குள் வருவார். விடுதி அறையில் ஒருவன் பற்றவைத்தால் நான்கு பேர் சுவாசிப்பார்கள். அதில் ஆஸ்துமாக்காரன் ஒருவன் இருந்தால் அவன்தான் எழுந்து வெளியே போக வேண்டும். டவுன் பஸ்ஸில் 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கும், அதற்குக் கீழேயே பீடி புகையும். சினிமாக் கொட்டகையில் திரைக்கும் நமக்கும் நடுவே நீலப் புகை மிதக்கும். யாரும் யாரையும் தடுக்கவில்லை. தடுப்பவன்தான் அன்று விநோதமானவன்.

எச்சரிக்கையே இல்லாமல் இல்லை. 1975இல் வந்த சட்டம் சிகரெட் பெட்டியின் ஓரத்தில் ஒரு வரியை அச்சிட வைத்தது. ஆனால் அது சிகரெட்டுக்கு மட்டும். பீடிக்கட்டுக்கும் மெல்லும் புகையிலைக்கும் இல்லை. வரியோ ஆங்கிலத்தில். ஓமலூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பையனுக்கு அந்தப் பொடி எழுத்து என்ன சொல்லியிருக்கும்? அவனுக்குக் கேட்டதெல்லாம் எதிர்ப்பக்கக் குரல்தான். திரையில் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடிப்பது கைதட்டல் வாங்கியது. 1996இல் இந்தியா விளையாடிய கிரிக்கெட் உலகக் கோப்பைக்கே ஒரு சிகரெட்டின் பெயர். இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பையன் பிடிக்காமல் இருந்தான் என்றால் அது அவன் அம்மாவின் மேல் உள்ள பயம் அல்லது பையில் காசில்லாதது.

மாற்றம் நீதிமன்றங்களிலிருந்து தொடங்கியது. 1999இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, நூலகம், நீதிமன்றம், ரயில் இவற்றோடு கல்வி நிலையங்களையும் சேர்த்துத் தடை விதித்தது. புகைக்காதவனை ஏன் பிறர் புகைக்குப் பலியாக்க வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவின் அடிப்படை. 2003இல் மத்திய அரசின் புகையிலைச் சட்டம். அதன் 4ஆம் பிரிவு பொது இடத்தில் புகைப்பதைத் தடுக்கிறது. 6ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதையும், கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்பதையும் தடுக்கிறது. 2008 அக்டோபர் 2ஆம் தேதி, அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, பொது இடப் புகைத் தடை விதிகள் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. அபராதம் விதிக்கும் அதிகாரம் போலீஸிடம் மட்டும் விடப்படவில்லை. பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர், கல்லூரியில் முதல்வர், பள்ளியில் தலைமையாசிரியர் ஆகியோர் தங்கள் வளாகத்துக்குள் தாங்களே 200 ரூபாய் வரை அபராதம் வசூலிக்கலாம். விமான நிலையத்திலும் பெரிய ஓட்டலிலும் தனிப் புகை அறை வைக்க அனுமதித்த விதி, கல்லூரிக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. மரத்தடி, மைதானத்து மூலை, மொட்டைமாடி, விடுதிக் கழிப்பறை என்று எங்கேயும் விதிவிலக்கு எடுத்துக்கொள்ள முடியாதபடி முழு வளாகத்தையும் புகையற்றதாக அறிவிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் கையில் வந்தது. 2019இல் மத்திய சுகாதார அமைச்சகம் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி போகிறது. வளாகத்துக்குள் துண்டு பீடியோ காலிப் பாக்கெட்டோ எச்சில் கறையோ கண்ணில் படக் கூடாது. ஆசிரியர், மாணவரிலிருந்தே கண்காணிப்பவரை நியமிக்க வேண்டும். நூறு கஜ எல்லையைச் சாலையில் மஞ்சள் கோடாக வரைய வேண்டும்.

இன்று சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு கல்லூரிக்குள் போய்ப் பாருங்கள். 1997இல் கருப்பூர்ப் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு, பெங்களூரு நெடுஞ்சாலையிலும் திருச்செங்கோடு, ராசிபுரம் சாலைகளிலும் கல்லூரிகள் அடுத்தடுத்து எழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சட்டங்களுக்குப் பிறகு வளர்ந்தவை. ஆசிரியர் அறையில் சாம்பல் கிண்ணம் இருந்தது என்று சொன்னால் இன்றைய இளம் விரிவுரையாளர் நம்ப மாட்டார். வகுப்பறை வராந்தாவில் ஒருவர் சிகரெட் பற்றவைப்பதை ஒரு மாணவரால் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் நடந்த இந்த மாற்றம் பெரியது. இதைச் சாதித்தது அபராதச் சீட்டு என்று நான் நினைக்கவில்லை. 200 ரூபாய்க்குப் பயந்து யாரும் பழக்கத்தை விடுவதில்லை. சுற்றியிருப்பவர்களின் முகம் மாறியதுதான் காரணம். முன்பு முகம் சுளித்தவன் வெளியே போனான். இன்று பற்றவைக்கிறவர் வெளியே போகிறார்.

முகம் மாறியதில் மாணவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வகுப்பில் பாதியளவுக்கு இன்று பெண்கள். பஸ் ஸ்டாப்பிலும் கேன்டீனிலும் "அண்ணா, அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க" என்று அவர்கள் சொல்வதை எல்லாரும் கேட்டிருப்போம். எண்பதுகளில் அந்தக் குரல் எழுவதற்கு ஆளே குறைவு. வளாகத்தில் புகைத்தடையை யார் விரும்புகிறார்கள் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கேட்டபோதெல்லாம் புகைக்காத பெரும்பான்மையோர் ஆதரித்திருக்கிறார்கள். புகைப்பவர்களிலும் ஒரு பகுதியினர் ஆதரித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2011 ஜூலையிலும், கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2014 ஜனவரியிலும் முழு வளாகத் தடையைக் கொண்டுவந்தன. விட நினைப்பவனுக்குக் கண்ணெதிரே புகை இல்லாத இடம் உதவியாக இருக்கிறது என்பது இங்கேயும் பொருந்தும். விட முயன்று தோற்ற எந்த நண்பனைக் கேட்டாலும், "பக்கத்துல ஒருத்தன் பத்த வச்சான், அவ்வளவுதான்" என்பான்.

ஆனால் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க வேண்டியதில்லை. வயது வந்தோரிடையே நடத்தப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதற்குமான பயன்பாடு 2009-10இல் 34.6 சதவீதமாக இருந்து 2016-17இல் 28.6 சதவீதமாக இறங்கியது. அதே இடைவெளியில் தமிழ்நாட்டில் 16.2இலிருந்து 20 சதவீதமாக ஏறியது. நாட்டின் சராசரியைவிட நாம் கீழே இருக்கிறோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். போகும் திசையைப் பார்த்தால் அந்த ஆறுதல் நிற்காது.

வளாகத்திலிருந்து வெளியேறிய புகை இரண்டு இடங்களுக்குப் போயிருக்கிறது. ஒன்று, கேட்டுக்கு எதிர்ப்பக்கம். நூறு கஜம் என்றால் ஏறத்தாழ 91 மீட்டர். கல்லூரிச் சுற்றுச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அதை அளக்க வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. மெயின் கேட்டிலிருந்து சாலை வழியே அளந்துகொள்வது கணக்கில் சேராது. நான் பார்த்த கல்லூரி வாசல்களில் அந்த மஞ்சள் கோடு வரையப்பட்டிருந்தவை மிகக் குறைவு. டீக்கடையை ஒட்டிய பெட்டிக்கடையில் பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை ஒற்றையாகக் கொடுக்கிறார்கள். பற்றவைக்கக் கம்பத்தில் தொங்கும் கயிறு கனன்றுகொண்டே இருக்கும். கயிறு போய்விட்ட சில இடங்களில் லைட்டர் நூலில் கட்டித் தொங்குகிறது. பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் 2016 முதல் அச்சிடப்படும் புற்றுநோய்ப் படத்தை ஒற்றையாக வாங்குகிறவன் பார்ப்பதே இல்லை. முதல் சிகரெட்டை யாரும் பாக்கெட்டாக வாங்குவதில்லை என்பதை நினைத்தால், ஒற்றை விற்பனைதான் மாணவனுக்குத் திறந்திருக்கும் வாசல் என்பது விளங்கும்.

இன்னொரு இடம் உதட்டுக்கு அடி. இதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சின்னப் பொட்டலமாக உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் புகையிலை புகையாது, நாறாது. பாடம் நடக்கும்போதே வைத்துக்கொள்ளலாம். 'புகை பிடிக்காதீர்' பலகை அதைத் தொடவே தொடாது. தமிழ்நாடு 2001லேயே குட்காவைத் தடை செய்த மாநிலம். அந்த உத்தரவு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக மீண்டும் தடை வந்தது. 2023 ஜனவரியில் அதைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாணவர்களிடம் பரவும் 'கூல் லிப்' என்ற பொருளை ஏன் நாடு முழுக்கத் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. நீதிமன்றம் வரை பெயர் போகும் அளவுக்கு ஒரு பொருள் பள்ளிப்பைக்குள் புகுந்திருக்கிறது. சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வாய் முழுதாகத் திறக்க முடியாமல், மிளகாய்க் காரம் தாங்காமல் வரும் இளைஞர்களை அங்கே படிக்கும் பிள்ளைகள் நேரில் பார்க்கிறார்கள். கன்னத்தின் உட்பக்கம் நார்போல் இறுகிக்கொள்ளும் அந்த நோய் பாக்கோடு வருவது. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அந்த மாணவர்களைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கும் கலைக் கல்லூரிக்கும் பேச அழைத்தால் நூறு சுவரொட்டிக்குச் சமம்.

எனவே 'புகையற்ற வளாகம்' இனிப் போதாது. 'புகையிலையற்ற வளாகம்' வேண்டும். மாணவர் நடத்தை விதியில் மெல்லுவதும் ஒதுக்குவதும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். 2019 முதல் நாடெங்கும் தடையில் இருக்கும் மின்சிகரெட்டும் அதில் இடம்பெற வேண்டும். விதி ஆசிரியருக்கும் அலுவலருக்கும் கல்லூரி பஸ் டிரைவருக்கும் ஒன்றே. ஆசிரியர் பார்க்கிங்கில் பற்றவைத்துக்கொண்டு மாணவனிடம் அபராதம் கேட்டால் விதியின் மதிப்பு அன்றோடு போய்விடும்.

இந்த இடத்தில் பெட்டிக்கடைக்காரரை மறந்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை. கல்லூரி வாசலில் கடை வைத்திருப்பவர்களில் கணவனை இழந்தவர்களும் மாற்றுத்திறனாளிகளும் உண்டு. சிகரெட்டில் அவர்களுக்கு நிற்கும் லாபம் சொற்பம். ஆனால் சிகரெட்டுக்கு வருகிறவன்தான் டீயும் வடையும் வாங்குகிறான். கடையை உடைப்பதும் பொருளை அள்ளிப்போவதும் ஒரு வாரத்துச் செய்தி, அவ்வளவே. கல்லூரி நிர்வாகம் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, புகையிலையை எடுத்துவிட்டால் ஜெராக்ஸ், ஜூஸ், சிற்றுண்டி என்று வளாகத் தேவைகளில் ஒரு பங்கை அவர்களுக்குக் கொடுத்தால் மஞ்சள் கோடு தானே நிலைக்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் கையில் புகையிலை கொடுத்தால் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை என்பதையும் அதே பேச்சில் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பலருக்கு அது தெரியாது. பாலிடெக்னிக்கிலும் முதலாண்டு வகுப்பிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர்.

பழகிவிட்டவனை வளாகத்தை விட்டு விரட்டுவது கொள்கையாகாது. நிகோடின் அடிமைத்தனத்துக்கு மருத்துவம் இருக்கிறது. அபராதச் சீட்டோடு ஒரு பெயரும் அறை எண்ணும் சேர்த்துக் கொடுங்கள்: இன்ன ஆசிரியர், இன்ன நேரம், திட்டமாட்டார், வீட்டுக்குச் சொல்லமாட்டார் என்று. அப்படி ஒருவர் ஒவ்வொரு துறையிலும் இருந்தால் போதும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு: உங்கள் கல்லூரிச் சுவரிலிருந்து 91 மீட்டரை நீங்களே டேப் பிடித்து அளந்து, உள்ளே இருக்கும் கடைகளைக் குறித்து, முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதுங்கள். விட நினைக்கிற நண்பனுக்கு அரசின் கட்டணமில்லாத தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்: 1800-11-2356.