மானாமதுரைப் பக்கம் ஒரு சுற்றுப்பிரயாணம்

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் வருஷத்திற்கொருமுறை ஒன்றுகூடிப் புறப்பட்டு, பிற ஊர்களின் வயல்களையும் கைத்தொழில்களையும் நேரிற் கண்டுவருதல் மிகவும் விரும்பத்தக்கது. ஆயினும் கோயில் தரிசனத்தோடு முடிந்துவிடும் பிரயாணத்தால் சங்கத்திற்கு யாதொரு பயனுமில்லை. தரிசனம் வேண்டாமென்பதன்று, அதற்குச் சங்கப் பணம் எதற்கு என்பதே கேள்வி. எதைப் பார்ப்பது, யாரிடம் என்ன கேட்பது என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும். இதற்கு உதாரணமாகச் சிவகங்கை ஜில்லாவில் வைகைக் கரையிலுள்ள மானாமதுரைப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம்.

மதுரையினின்றும் மானாமதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரயில், பஸ் இரண்டும் உண்டு. வழியில், மதுரைக்கு 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் இறங்குவது நலம். அங்குத் தென்னந்தோப்பினுள் 2015-ல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த பொருள்கள், 2023-ம் வருஷம் மார்ச்சு மாதம் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. தமிழி எழுத்துக்களில் பெயர் கீறப்பட்ட பானையோடுகளை அவசியம் பார்க்கவேண்டும்.

மானாமதுரையில் மண்பாண்டம் வனையும் வேளார் குடும்பங்கள் பல உள்ளன. அடுப்பு, பானை, அகல் ஆகியவற்றோடு சங்கீதக் கச்சேரிக்குரிய கடமும் இங்கே செய்யப்படுகிறது. பல இடங்களின் மண்ணைக் கலந்து, கல் நீக்கி மிதித்து, சக்கரத்தில் வனைந்தபின், உட்புறம் கல்லை அணைத்து வெளிப்புறம் மரப்பலகையால் பல்லாயிரம் முறை தட்டுகிறார்கள். சுவரின் கனம் எங்கும் ஒரே சீராக அமைந்தாலன்றி நாதம் சரிப்படாது. மிருதங்கத்தைப் போல வாரை இழுத்துச் சுருதி கூட்டுவதற்கும் இடமில்லை. சூளையினின்று வெளிவந்த சுருதியே சுருதி. ஆகவே தட்டிப் பார்த்து ஒதுக்கப்படுவனவும் உண்டு. அவ்வுழைப்பும் விலையில் அடங்கியிருப்பதை அறிந்தவர் அங்கே பேரம் பேசத் துணியார். இவ்வூர் மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அக்கம்பக்கத்துக் கிராமங்களில் புரவியெடுப்பு நடக்குங் காலமாயின், ஐயனாருக்குச் சுட்ட மண்குதிரைகளையும் காணலாம்.

அடுத்துக் கண்மாய்க்குச் செல்க. நமது விவசாயிகள் கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய இடம் இதுவே. கண்மாய் மண் வயலுக்கும் வேண்டும், சக்கரத்திற்கும் வேண்டும். அளவறிந்து எடுத்தால் கண்மாய் ஆழப்பட்டு அதிக நீர் கொள்ளும். கரையோரமாகத் தோண்டினாலோ கரை பலமிழந்து உடையும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் இலவசமாக மண் எடுக்கத் தாசில்தாரிடமே அனுமதி பெறலாமென்று 2024-ல் விதி எளிதாக்கப்பட்டது. எவ்விடத்தில் எவ்வளவு தோண்டுவது என்பதை ஆயக்கட்டுதாரரும் வேளாரும் ஒருங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டால் சச்சரவு குறையும். அங்கே இரு தரத்தாரையும் விசாரித்து, நம் ஊருக்கு ஏற்பது எது என்று அறிந்துவருதல் வேண்டும்.

பிரயாணத்திற்கு ஏற்ற காலம் தை முதல் ஆடி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மழையால் பச்சைப் பாண்டம் உலராது, சூளையும் எரியாது. ஆனால் அகலுக்குக் கிராக்கி ஏற்படுவதோ அக்கார்த்திகையிலேயே, பொங்கற்பானைக்கு அதையடுத்து. ஆதலால் கோடையிலேயே சரக்கைச் செய்து அடுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை குடும்பம் நடத்தக் கையில் முதல் இல்லாதவர் வியாபாரியிடம் முன்பணம் வாங்க நேரிடும். அப்பொழுது விலையைத் தீர்மானிப்பவர் செய்தவரல்லர், பணம் கொடுத்தவரே. நமது சங்கங்கள் ஊருக்கு வேண்டிய அகலையும் பொங்கற்பானையையும் கணக்கெடுத்து, ஆடி மாதத்திலேயே நேரில் ஒப்பந்தம் செய்து பாதித் தொகையை முன்னதாகச் செலுத்தலாம். எண்ணிக்கை, அளவு, விலை, வண்டிக்கூலி, வழியில் உடைவதற்கு யார் பொறுப்பு என்பன ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். சரக்கை அடுக்குவதற்கு வைக்கோல் நம் ஊரிலிருந்தே கொண்டுபோவது செலவைக் குறைக்கும்.