தஞ்சையில் அச்சான ஈசாப்

பானையில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தை உங்களுக்குத் தெரியும். அந்தக் காகம் வரும் ஈசாப் கதைகள் தஞ்சாவூர் அரண்மனைக்கும் வந்திருக்கின்றன!

மன்னர் இரண்டாம் சரபோஜி சிறுவயதில் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் படித்தவர். ஆட்சிக்கு வந்த பிறகு அரண்மனையில் தேவநாகரி எழுத்துகளோடு ஓர் அச்சகம் வைத்தார். 1806இல் ஈசாப் கதைகள் மராத்தியில் அங்கே அச்சாயின. நூலின் பெயர் 'பாலபோத முக்தாவளி', அதாவது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் முத்துமாலை. மராத்தியில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்று, மராட்டிய மண்ணில் அல்ல, நம் காவிரி டெல்டாவில் பிறந்திருக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

இங்கிலாந்தில் காக்ஸ்டன் 1484இலேயே இந்தக் கதைகளை மரக்கட்டைப் படங்களோடு அச்சிட்டுவிட்டார். அன்றிலிருந்து ஓவியர்கள் அலுக்காமல் வரைந்துகொண்டே இருக்கிறார்கள். காரணம் எளிது. ஒவ்வொரு கதையும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும்: அலகில் கூழாங்கல், பானைக்குள் மெல்ல ஏறும் தண்ணீர். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் விரல் வைத்துக் கதை சொல்லிவிடும்.

டெல்டாப் பிள்ளைக்கு அந்தக் காகத்தின் தாகம் இன்னும் நெருக்கம். ஜூன் 12, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள். அதற்கு முந்தைய கோடையில் ஆறு வெறும் மணலாய்க் கிடக்க, வாய்க்கால் கரையில் அலகு பிளந்து உட்கார்ந்திருக்கும் காகத்தை அந்தப் பிள்ளை நேரிலேயே பார்த்திருக்குமே!