எத்தினி கேண்டில்?

ஐப்பசி மழைக்கு முன்னால் வரும் காற்று, பழவேற்காட்டில் முதலில் கரண்டைத்தான் கொண்டுபோகும். அன்றும் அப்படித்தான். திண்ணையில் நானும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகனும், பக்கத்து வீட்டுப் பெரியவரும் உட்கார்ந்திருந்தோம். பெரியவர் சுத்து வலைக்காரர். ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை முறைவைத்துப் பிரிப்பதற்கு இங்கே பாடு என்று பெயர். அன்றைக்கு அவருக்குப் பாடு இல்லை, அதனால் பேச நேரம் இருந்தது.

மருமகன் பையிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்தான். நீச்சலுக்குப் போடுவதுபோல் கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி. உள்பக்கம் பொடிப்பொடியாக எல்.இ.டி. விளக்குகள், கூடவே ஒரு ஹெட்போன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக்கொள்ள வேண்டும். விளக்கு விட்டுவிட்டு மின்னும், காதில் அதே தாளத்தில் ஒலி வரும், மனம் அடங்கும் என்றான்.

பெரியவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தினி கேண்டில் வரும் வாத்தியாரே?"

முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவன் நான். அந்தக் கேள்விக்கு வாய் திறக்க முடியவில்லை. பெட்டியில் 5 வாட் என்று மட்டும் போட்டிருந்தது. வாட் என்பது கருவி தின்னும் மின்சாரத்தின் அளவு. அது கக்கும் வெளிச்சத்தைப் பற்றி அதில் ஒரு தகவலும் இல்லை.

பெரியவர் கேண்டில் என்று கேட்டது பழைய பெட்ரோமாக்ஸ் பழக்கத்தில். அந்த விளக்குகளை 300 கேண்டில், 500 கேண்டில் என்று சொல்லித்தான் விற்றார்கள். அதில் கட்டும் மேண்டில் வலைக்குப் பளீர் வெளிச்சம் கொடுத்தது தோரியம். தோரியம் கிடைக்கும் மோனசைட் மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் உண்டு. கயிற்றில் ஒட்டிக்கொண்டு ஜெர்மனி போய்ச் சேர்ந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற வேதியியலார் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். கேண்டில் என்ற அளவும் கடல் வழியாக வந்ததுதான். 1860இல் பிரிட்டன் சட்டமே போட்டது: திமிங்கில மெழுகில் செய்த, மணிக்கு 120 கிரெயின் எடை எரிகிற மெழுகுவத்தியின் ஒளியே ஒரு கேண்டில். அதன் இன்றைய வாரிசான கேண்டெலாவுக்கு 1979இல் மெழுகும் திரியும் இல்லாத இலக்கணம் எழுதிவிட்டார்கள். ஆனாலும் நம் வீட்டு மெழுகுவத்தி சுமாராக ஒரு கேண்டெலாதான்.

"அளந்துடலாம் இருங்க" என்றேன். வெள்ளைத்தாளின் நடுவே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன். ஜெர்மானியர் புன்சன் சொல்லிக்கொடுத்த வித்தை இது. தாளின் ஒருபுறம் மெழுகுவத்தி, மறுபுறம் கண்ணாடியின் ஒரு கண், இன்னொரு கண்ணுக்குத் துணி. மின்னாமல் நின்று எரியும்படி மருமகன் அதை வைத்துக்கொண்டான். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால், இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமாகும் இடத்தில் எண்ணெய்க் கறை மறைந்துபோகும். மெழுகுவத்தி மஞ்சள், எல்.இ.டி. வெளிர்நீலம், அதனால் கறை சுத்தமாக மறையாமல் போக்குக் காட்டியது. ஒருவழியாக மெழுகுவத்தி 20 சென்டிமீட்டரிலும் கண்ணாடி 28 சென்டிமீட்டரிலும் இருந்தபோது மங்கியது. தூரத்தின் வர்க்கத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ரெண்டு கேண்டில்."

பெரியவர் சிரித்தார். "எங்க பெட்ரோமாக்ஸு ஐந்நூறு!"

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உறைத்தது. கேண்டில் சொல்வது விளக்கு ஒரு திசையில் எவ்வளவு வீசுகிறது என்பதை. கண்ணில் எவ்வளவு விழுகிறது என்பதற்கு லக்ஸ் என்று வேறு அளவு. தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் கால்வாசியாகும். பெட்ரோமாக்ஸ் படகில் ஆளைவிட்டுத் தூரத்தில் தொங்கும். இதுவோ இமையிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அவ்வளவு கிட்டத்தில் வர்க்கக் கணக்கு நேராகப் பொருந்தாது என்பதால், சென்னை ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிய லக்ஸ் மீட்டரைத் தேடி எடுத்து, கண் இருக்கும் இடத்தில் அதன் வெள்ளைக் குமிழை வைத்தேன். 2,300 லக்ஸ். ஐந்நூறு கேண்டில் பெட்ரோமாக்ஸை ஒன்றரை அடியில் வைத்து முகத்தை நீட்டினால்தான் அவ்வளவு வரும்.

பெரியவரின் சிரிப்பு நின்றது.

இப்போது மின்னவிட்டோம். நொடிக்குப் பத்து தரம், பாதி நேரம் வெளிச்சம், பாதி நேரம் இருட்டு. மீட்டர் 1,100க்கும் 1,200க்கும் நடுவே ஆடியது. "பாருங்க மாமா, பாதியாயிடுச்சு" என்றான். இல்லை. மீட்டர் சராசரி சொல்கிறது. நொடிக்கு ஐம்பது, அறுபது தரத்துக்கு மேல் மின்னினால் நம் கண்ணும் சராசரிதான் பார்க்கும். பத்தில் கண் ஒவ்வொரு வெட்டையும் தனியாக வாங்கும், ஒவ்வொன்றும் முழு 2,300.

வெட்டும் ஒளியை அளக்கும் தொல்லை லைட் ஹவுஸ்காரர்களுக்குப் பழகியது. நம் லைட் ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்கு சுற்றுவது தெரியும், அதன் கணக்கு தெரியாது. தூரத்தில் அரிதாய்த் தெரியும் வெட்டு, நின்றெரியும் விளக்கைவிட மங்கலாகத் தோன்றும் என்று பிளாண்டெல், ரே என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1911 வாக்கில் சூத்திரம் கண்டார்கள். ஐந்தில் ஒரு நொடி எரிந்தால் பாதி பலம், பத்தில் ஒரு நொடி என்றால் மூன்றில் ஒரு பங்கு. கரை தேடும் கண்ணுக்கு அது சரி. மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கும் விளக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

இமை மூடியிருக்கிறதே என்று மருமகன் கேட்டான். வெயிலில் கண்ணை மூடினால் சிவப்பாகத் தெரிகிறதே, அது இமையின் ரத்தத்தைத் தாண்டி வரும் ஒளி. நீலமும் பச்சையும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒரே லக்ஸ் காட்டும் இரண்டு கண்ணாடிகளில் சிவப்பு விளக்கு வைத்தது உள்ளே அதிகம் போகும். எந்த மீட்டரும் இதைக் கழித்துச் சொல்லாது.

மின்னும் ஒளிக்கு மூளை ஆடும் என்பது புதுச்செய்தி அல்ல. கேம்பிரிட்ஜில் ஆட்ரியனும் மேத்யூஸும் 1934லேயே காட்டினார்கள், மூளையின் அலை வெளிச்சத்தின் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று. இந்தக் கண்ணாடிகளின் மூலதனம் அதுதான். அதே தாளம் சிலருக்கு வலிப்பைக் கொண்டுவரும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 தரம் மாறி மாறி வெட்டியதில், ஏறத்தாழ 685 பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணை மூடுவது இதற்குக் காப்பு அல்ல. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்துவதுதான் உதவும். இந்தக் கண்ணாடியிலோ இரண்டு கண்ணும் ஒன்றாக மாட்டிக்கொள்கின்றன.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "டேய், உங்க சின்ன அத்தைக்கு வலிப்பு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

அத்தையின் நோய் இவனுக்கும் வரும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரைக் கேட்காமல் மாட்டாதே என்றேன். கண்ணாடியைப் பெட்டியில் போட்டு மூடினான். ஹெட்போனை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

பெரியவர் அதற்குள் எழுந்து போய், இறாலுக்குப் போகும்போது தலையில் கட்டும் டார்ச்சோடு வந்தார். அட்டையில் ஆயிரம் வாட் என்று போட்டு விற்ற சமாச்சாரம், உள்ளே கைக்கு அடங்கும் பேட்டரி.

"அந்த எண்ணெத் தாளை எடு வாத்தியாரே."

திண்ணை பத்தவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன்.