பாடப் படம் எடுக்கக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள்



முன்பெல்லாம் மளிகைக் கடையில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால், கல்லாப்பெட்டி பக்கம் நிற்கவே இரண்டு வருடம் ஆகும். மூட்டை தூக்கி, பொட்டலம் மடித்து, தராசு பிடித்து, பிறகுதான் பேரேட்டைத் தொடுவான். முதலாளி வாயால் சொல்லிக் கொடுத்தார். பையன் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டான். நாமும் அப்படித்தான் தொழில் படித்தோம்.

இன்று வாலாஜாபாத்தில் அந்தக் கதை நடக்காது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் காலை ஐந்து மணிக்கே நம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. கடைக்கு வருகிறவர்கள் ஒடிசா, பீகார் பையன்கள். அவர்களும் ஆறு மாதம் இருந்தால் பெரிது. ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்து முடிப்பதற்குள் அவன் போய், அடுத்தவன் வந்து நிற்கிறான். இதற்கு நடுவே 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. கம்ப்யூட்டர் பில், எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை முத்திரை, காலாவதி தேதி பார்ப்பது என்று பாடங்கள் கூடிவிட்டன. சொல்லிக் கொடுக்கத்தான் ஆளும் இல்லை, நேரமும் இல்லை.

ஆகவே சிறு சிறு பாடப் படங்கள் எடுத்து உறுப்பினர்களின் செல்போனுக்கு அனுப்பலாம் என்று நமது சங்கத்தில் பேச்சு வந்தது. நல்ல யோசனை. ஆனால் கையில் வந்த கொட்டேஷன் இரண்டரை லட்ச ரூபாய்! அது உறுப்பினர்களின் சந்தாப் பணம். நாம் எழுந்து, "கொஞ்சம் பொறுங்கள், இதில் ஏற்கெனவே கையைச் சுட்டுக்கொண்டவன் நான்" என்றோம். அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறோம்.

நாம் பட்ட நஷ்டம்

2022-ல் நம் குடோன் ஆட்களுக்குப் பாடப் படம் எடுக்க ஆசைப்பட்டு ஒரு கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். "வீடியோ வேலைக்கு என்றால் இதுதான் சார்" என்று, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் ஒரு கம்ப்யூட்டரையும், 4 கே கேமரா ஒன்றையும் தலையில் கட்டினார்கள். மொத்தம் 1,40,000 ரூபாய். மைக் என்று ஒன்று வேண்டும் என அவர்களும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

குடோனில் ஃபேன் ஓட, வாசலில் லாரி ரிவர்ஸ் எடுக்க, ஆறடி தூரத்திலிருந்து படம் பிடித்தோம். போட்டுப் பார்த்தால் நம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடு கோடாக ஓடுகிறது. மூன்று நாளில் கம்ப்யூட்டர் நிறைந்துவிட்டது. ஒரு படம்கூட யாருக்கும் பயன்படவில்லை. ஒரு மூட்டை சர்க்கரைக்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க 14,000 மூட்டை விற்க வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் இப்போது பேரன்கள் விளையாடுகிறார்கள்.

பெரியவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

படத்தால் பாடம் நடத்துவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம் எல்லாம் டி.வி. மூலம் சொல்லிக் கொடுத்தார்கள். 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 'என்.பி.டெல்.' தொடங்கின. நம் சென்னை ஐ.ஐ.டி. அதில் முன்னணியில் நிற்கிறது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்தது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது பிள்ளைகளுக்கு அதில் பாடம் ஓடியது.

இவற்றுக்கெல்லாம் ஸ்டூடியோ உண்டு. கடைக்காரர்களான நமக்குப் பொருத்தமான முன்மாதிரி, பம்பாய் ஐ.ஐ.டி.யில் உருவான 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' என்ற திட்டம். அங்கே கம்ப்யூட்டர் திரையில் நடப்பதை அப்படியே பதிவு செய்து, அதன்மேல் குரல் கொடுக்கிறார்கள். ஒரு பாடம் சுமார் பத்து நிமிடம்தான். முதலில் பேச வேண்டியதை எழுதிக்கொள்கிறார்கள். அதை விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்திவிட்டுத்தான் பதிவே. படம் ஒன்றுதான். குரலை மட்டும் தமிழ், இந்தி என்று மாற்றிக்கொள்கிறார்கள். மாணவன் படத்தை நிறுத்தி நிறுத்தி, தானும் பக்கத்தில் செய்து பார்க்கிறான்.

ஒடிசாப் பையனுக்கும் நம்மூர்ப் பெண்ணுக்கும் ஒரே படத்தில் பாடம் சொல்ல இதைவிடச் சிக்கனமான வழி ஏது?

வாங்கும் வரிசை

வணிகர்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் தொடங்கி, பணம் மீந்தால் மைக் வாங்குகிறார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

1. மைக்: படம் சற்று மங்கினாலும் ஆள் பொறுத்துக்கொள்வான். பேச்சு புரியாவிட்டால் அரை நிமிடத்தில் மூடிவிடுவான். சட்டையில் குத்தும் சின்ன மைக் போதும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், வந்து சேரும் ஒலியின் வலு நான்கு மடங்காகிறது. ஆறடி தள்ளி இருக்கும் விலையுயர்ந்த மைக்கைவிட, மார்பில் இருக்கும் ஆயிரம் ரூபாய் மைக் மேல். பதிவு நேரத்தில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் நிறுத்துங்கள். சாக்கு மூட்டைகள் அடுக்கிய அறை எதிரொலியை விழுங்கும். அந்த வசதி நம் ஒவ்வொருவரிடமும் இலவசமாக இருக்கிறது!

2. வெளிச்சம்: காலை வெயிலில் வாசல் பக்கம் நின்று எடுப்பதே சிறப்பு. விளக்கு போட்டுத்தான் எடுக்க வேண்டுமென்றால் ஒன்று கவனியுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 சைக்கிள். அதனால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கின்றன. கேமராவின் ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் கோடு ஓடாது. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நாம் மூன்று நாள் வீணடித்தோம்.

3. கேமரா: தனியாக வேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போன் போதும். 1080 என்ற அளவில் வைத்து எடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 130 எம்.பி. இடம் பிடிக்கும். 4 கே வைத்தால் அதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். பார்க்கிறவர்களும் செல்போனில்தானே பார்க்கிறார்கள்? கை நடுங்காமல் ஒரு ஸ்டாண்டு மட்டும் வாங்குங்கள்.

4. கம்ப்யூட்டர்: ஓடும் படத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு இன்டெல் ஐ 5 அல்லது ரைசன் 5 தரத்தில் ஒன்று போதும். மெமரி 16 ஜி.பி. இருக்கட்டும். 8 இருந்தால் ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். உள்ளே எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. கட்டாயம். பழைய சுழலும் டிஸ்க் மலிவு என்று வாங்கினால், ஒவ்வொரு வெட்டுக்கும் டீ குடித்துவிட்டு வரலாம். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு, கலர் விளக்கு எதுவும் நமக்கு வேண்டாம். ஒரே இடத்தில் வேலை என்றால் டெஸ்க்டாப் வாங்குங்கள். மெமரி கூட்டுவதும் ரிப்பேரும் எளிது. கடை கடையாகப் போய் எடுப்பதானால் லேப்டாப்.

5. காப்புப் பிரதி, யு.பி.எஸ்.: வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றில் எல்லாப் படத்துக்கும் நகல் வையுங்கள். அதைக் கம்ப்யூட்டர் இருக்கும் இடத்திலேயே வைக்காதீர்கள். பேரேட்டையும் அதன் நகலையும் ஒரே பெட்டியில் பூட்டுவோமா? டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். இல்லாவிட்டால், கரண்டு போன நிமிடத்தில் அரை நாள் வேலை போகும்.

6. சாஃப்ட்வேர்: காசு கொடுக்க வேண்டாம். திருட்டுப் பிரதியும் வேண்டாம். திரையைப் பதிவு செய்ய ஓ.பி.எஸ். ஸ்டூடியோ, குரலுக்கு ஆடாசிட்டி, வெட்டி ஒட்ட ஷாட்கட் அல்லது கேடென்லைவ். நான்கும் முறைப்படியே இலவசமானவை.

கடைசியில் சங்கத்துக்கு வாங்கிய கணக்கு இது: கம்ப்யூட்டர் 45,000, டிஸ்க் 5,000, யு.பி.எஸ். 3,500, விளக்கு 2,000, ஸ்டாண்டு 1,500, மைக் 1,000, ஹெட்போன் 1,000. ஆக மொத்தம் 59,000 ரூபாய். விலை ஏறி இறங்கும். வரிசை மாறாது.

பில்லும் வரியும்

எது வாங்கினாலும் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் வாங்குங்கள். சாதாரண முறையில் வரி கட்டும் வணிகர் தம் தொழிலுக்காக வாங்கும் கம்ப்யூட்டருக்கு உள்ளீட்டு வரியை வரவு எடுக்கலாம். ஆனால் அந்த வரித் தொகையையும் சேர்த்துத் தேய்மானம் காட்டினால் வரவு கிடையாது. இரண்டில் ஒன்றுதான். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அந்த வரவு இல்லை. ஆகவே அவர்கள் வரியும் சேர்ந்த விலையையே அசல் விலையாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பில் போடும் பாடம் எடுக்கும்போது உண்மையான வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், கடன் பாக்கி, உங்கள் பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எதுவும் திரையில் தெரியக்கூடாது. பயிற்சிக்கென்று பொய்ப் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கி அதில் எடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். அதற்கு உரிமைக்காரர் இருக்கிறார்.

தென்னேரிப் பக்கத்து அம்மா

நம்மிடம் சரக்கு எடுக்கும் ஒரு அம்மா தென்னேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறார். கணவர் இருந்தவரை கம்ப்யூட்டர் பில் எல்லாம் அவர் கையில். திடீரென்று அவர் போய்விட்டார். மகன் கம்பெனியில் ஷிப்டு. "கணக்கு பிடிபடலண்ணே, தையோட கடையை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று பாக்கியைத் தீர்க்க வந்து நின்றார். முப்பது வருடத்துக் கடை.

நாம் அவருக்குச் சங்கத்தின் முதல் படத்தைப் போட்டுக் காட்டினோம். பன்னிரண்டு நிமிடப் படம். நமக்கு அதில் பெருமை வேறு. பார்த்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணே, நீங்க ரொம்ப வேகமாப் பேசறீங்க. நான் மவுஸைத் தேடறதுக்குள்ள நீங்க அடுத்த பக்கம் போயிடறீங்க. எழுத்தும் எறும்பு மாதிரி தெரியுது."

பம்பாயில் தெரியாதவரிடம் முதலில் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று மேலே எழுதினோமே, அதை நாம் செய்யத் தவறியிருந்தோம். அந்த அம்மாவையே பக்கத்தில் உட்கார வைத்து மறுபடியும் எழுதினோம். பன்னிரண்டு நிமிடத்தை நான்காக உடைத்தோம். திரையின் எழுத்தைப் பெரிதாக்கினோம். ஒவ்வொரு கிளிக்குக்குப் பின்னும், "இப்போது நிறுத்திவிட்டு நீங்கள் செய்யுங்கள்" என்று சொல்லி, மூன்று வினாடி சும்மா இருந்தோம்.

சரக்கு வரவு ஏற்றும் பாடத்தை அவர் ஐந்து தடவை பார்த்ததாகச் சொன்னார். ஆறாவது நாள் நம் பில்லைத் தாமே ஏற்றி, அதில் நாம் ஒரு பெட்டி சோப்பைக் கூடுதலாகப் போட்டிருப்பதையும் கண்டுபிடித்துப் போன் செய்தார்! நாம் தப்பைத் திருத்திக்கொண்டோம். தை போய்விட்டது. கடை திறந்திருக்கிறது.

இந்த வெற்றி 45,000 ரூபாய்க் கம்ப்யூட்டரால் வந்ததல்ல. நமது 1,40,000 ரூபாயால் வந்ததும் அல்ல. பார்ப்பவர் யார், அவருக்கு எங்கே தடுமாறும் என்று கேட்டதால் வந்தது. கருவி அதற்குத் துணை.

சங்கத்திடம் இப்போது கருவிகள் இருக்கின்றன. பாடம் எடுக்க விரும்பும் உறுப்பினர்கள் ஞாயிறு பிற்பகலில் வந்து பயன்படுத்தலாம். அவரவர் தனியாக வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். அடுத்து எடுக்கப்போவது தராசு முத்திரைப் பாடம். தமிழ்க் குரல் நமது. இந்திக் குரலுக்கு நம் குடோன் பையன் ஒருவன் சம்மதித்திருக்கிறான். ஒடியா தெரிந்த ஆள் யார் கடையிலாவது இருந்தால், அவன் கம்பெனிக்குப் போவதற்கு முன் நமக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வணிகம் வாழ்க! வணிகர் ஒற்றுமை ஓங்குக!